ஆயிரத்து ஒன்பது

பதினான்கு கேமராக்களைப் பொருத்த வந்தவர்
பெயர் ஜெபசிங். நாசரேத்துக்காரர்.
ஏணியிலிருந்து இறங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"இங்க நீங்க என்னதான் மேடம் செய்றீங்க?"

கேள்வியில் குத்தல் இல்லை.
ஏழரைக்கு வந்துபோனது பெங்களூர் விமானம்.
அடுத்தது பத்து நாற்பதுக்கு, ஹைதராபாத்திலிருந்து.
நடுவே மூன்று மணி நேரம்
ஆறாயிரம் அடி ஓடுபாதையின் ஓரமாக
ஒரு செம்போத்து நடந்துபோவதை
அரசாங்கச் சம்பளத்தில் பார்த்திருக்கிறேன்.

"காத்திருக்கேன்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.

திரையைக் காட்டினார்.
சேர்வராயன் மலை
என் கண்ணாடியில் தெரிவதைவிடத் துலக்கமாக இருந்தது அதில்.
வெள்ளைக்கல் ஏற்றிப் போகும் லாரியின் எண்ணைப் படிக்கலாம்.
இருட்டில் ஆடு வந்தால்
ஆட்டின் சூட்டைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடுமாம்.
போன கார்த்திகையில் தும்பிப்பாடிப் பக்கத்து வேலி ஓட்டையில்
மூன்று ஆடுகள் நுழைந்தபோது நான் பார்க்கவில்லை.
பார்த்தவர் தீயணைப்பு வண்டி ஓட்டும் சடையன்.
இதை ஜெபசிங்கிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை.
அதற்கு முந்தின ஐப்பசி. அடைமழை.
ஏற்காட்டிலிருந்து இறங்கிய மேகம்
எங்கள் வேலிவரை வந்து நின்ற காலை.
காற்றழுத்தம் ஆயிரத்து ஒன்பது.
தாளில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கிறது.
வாய் ஆயிரத்துப் பத்தொன்பது என்றது.

பத்து. வெறும் பத்து.
விமானத்தின் உயரமானி அதை நம்பினால்
இல்லாத முந்நூறு அடியை இருப்பதாகக் காட்டும்.
தரை அதற்காகத் தள்ளி உட்காராது.

சொன்னதைத் திருப்பிச் சொல்வது அவர்கள் வேலை.
திருப்பிச் சொல்வதைக் கேட்பது என் வேலை.
துணை விமானி, குரல் மட்டும்தான் தெரியும்,
"ஒன்று, பூஜ்யம், ஒன்று..." என்று தொடங்கி
நிறுத்தினாள்.
ஒரு மூச்சு.
"சேலம், உறுதி செய்யுங்கள். சென்னையில் வேறு சொன்னார்கள்."

பிறகு ஆறு மாதம்
பஸ் நம்பர், பால் கணக்கு, பையனின் கணக்கு மார்க்
எல்லாம் கனவில் பத்து கூடுதலாக வந்தன.

கருவி தப்பாகச் சொல்லியிருக்காது.
ஜெபசிங்கைவிட எனக்கு இது நன்றாகத் தெரியும்.
பல்வலி இல்லாமல், வீட்டுக் கடன் இல்லாமல்
ஒன்பதை ஒன்பதென்றே ஆயிரம் தடவை சொல்லும்.
கேட்பதும் கருவி என்றால்
ஒன்பது ஒன்பதாகவே போய்ச் சேர்ந்திருக்கும்,
யாரும் மூச்சு விட்டிருக்க வேண்டாம்.

ஆனால் அவள் நிறுத்தியது எண்ணுக்காக மட்டுமா?
முந்தின இரவு நான் தூங்கவில்லை.
அது குரலில் இருந்திருக்கும்.
பிழையும் அதைக் காட்டிக்கொடுத்ததும்
ஒரே தொண்டையிலிருந்துதான் போயிருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.
"எங்கள் தப்பு காதில் கேட்கும்படி இருக்கும்" என்று
எந்தக் கமிட்டிக்கு மனு எழுதுவது?

பத்து முப்பத்திரண்டு. ஹெட்போனில் கரகரப்பு.
இன்றைக்கும் மலையில் மேகம். இன்றைக்கும் ஒரு பெண்குரல்,
அதே குரலா என்று தெரியவில்லை.
காற்றின் திசை சொன்னேன். வேகம் சொன்னேன்.
ஒன்று. பூஜ்யம். பூஜ்யம். ஒன்பது.
திருப்பிச் சொன்னாள்.
ஒவ்வோர் இலக்கத்தையும் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் கேட்டேன்.
ஜெபசிங் டேப்பை இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

மேகத்திலிருந்து விமானம் வெளியே வந்ததை
முதலில் பார்த்தது கேமராதான்.
நான்கு விநாடி கழித்து நான்.
"இதையும் எழுதிக்குங்க" என்றேன்.

முப்பத்தொரு பேர் இறங்கினார்கள்.
ஒருவர் படியிலேயே நின்று
ஓமலூர்வரை ஆட்டோவுக்கு எவ்வளவு என்று போனில் சண்டை.
ஒருவரும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை,
எதற்குப் பார்க்க வேண்டும்?

அடுத்தது மூன்று இருபதுக்கு.
டீ வந்தது. ஜெபசிங் சர்க்கரை வேண்டாம் என்றார்.
திரையில் ஏழாவது சதுரத்தில் செம்போத்து.
அதைச் சுற்றி ஒரு சின்னச் சிவப்புக் கட்டம்,
அது நடக்க நடக்க
கூடவே நடந்தது.